பெயிண்ட் கடை க்ளாஸ், பாடப்புத்தக கிளாஸரி

கே: கதவுக்கு எனாமல் வாங்க ஜார்ஜ் டவுன் போனோம். "க்ளாஸா, மேட்டா?" (பளபளப்பா, மங்கலா?) என்றார் கடைக்காரர். மகளின் பாடப்புத்தகத்தில் அருஞ்சொற்பொருளுக்கு 'கிளாஸரி' என்று போட்டிருக்கிறது. இரண்டுக்கும் உறவு உண்டா?
– வாசகி, வியாசர்பாடி

ப: கிடையாது. திருவல்லிக்கேணி அச்சகத்தில் புரூஃப் பார்த்த காலத்தில் இரண்டும் என் மேஜைக்கு ஒன்றாகவே வரும்: அட்டைக்கு க்ளாஸ் லேமினேஷன், கடைசிப் பக்கத்துக்குக் கிளாஸரி. பார்வைக்கு அண்ணன் தம்பி. பிறந்த வீடு வேறு.

பெயிண்ட் க்ளாஸ் வடக்கு ஐரோப்பியச் சரக்கு. ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டில் தலைகாட்டுகிறது. ஐஸ்லாந்து மொழியில் 'க்ளோஸி' என்றால் தீப்பொறி. அந்தக் குடும்பத்துச் சொல்லாக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் கருத்து.

கிளாஸரியின் கதைதான் எனக்குப் பிடித்தது. கிரேக்கத்தில் 'க்ளோஸா' என்றால் நாக்கு. அது மொழியையும் குறித்தது. போகப்போக, விளக்கம் சொன்னால்தான் புரியும் அரிய சொல்லுக்கும் பெயராயிற்று. லத்தீனுக்குப் போனதும் அந்த விளக்கத்துக்கே பெயராகிவிட்டது. பல மொழி தெரிந்தவரை 'பாலிக்ளாட்' என்கிறோமே, அதிலும் இதே நாக்குதான். இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏட்டில், 10ஆம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற மதகுரு லத்தீன் வரிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் பழைய ஆங்கிலப் பொருளை எழுதிவைத்தார். ஆங்கிலத்தில் அதையும் க்ளாஸ் என்றே சொல்வார்கள்.

நமக்கும் இது பழகிய வேலைதான். சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரை எழுதியவரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை, உரை கிடைத்தது. அதையும் அடியார்க்கு நல்லார் உரையையும் சேர்த்து உ.வே.சா. 1892இல் பதிப்பித்தார். பெசன்ட் நகரில் அவர் பெயரில் நூலகம் இருக்கிறது, சுவடிகளோடு. மகளை அவசியம் அழைத்துப் போங்கள்.

'க்ளாஸ் ஓவர்' என்று ஒரு பிரயோகம் உண்டு. தப்பைப் பூசி மெழுகுவது. மேல்பூச்சுப் பளபளப்பு, விளக்கம் சொல்கிற சாக்கில் மழுப்புவது என்று இரண்டு க்ளாஸும் கலந்துபோன இடம் அது.

கே: க்ளாஸ் அடித்தால் சுவரின் மேடுபள்ளமெல்லாம் தெரிகிறதே, ஏன்?
– வாசகர், கொருக்குப்பேட்டை

ப: ராத்திரி டியூப்லைட்டைப் போட்டுச் சுவரைச் சாய்வாகப் பாருங்கள். க்ளாஸில் டியூபின் விளிம்பு கோடு கிழித்த மாதிரி விழும். பட்டி சரியாக இழுக்காத இடத்தில் அந்தக் கோடு நெளியும். மேட் பெயிண்டில் வெறும் வெளிச்சத் திட்டுதான். காரணம், க்ளாஸில் பிசின் அதிகம். நிறத்தூளை மூடி வழவழப்பாகக் காய்வதால் ஒளி ஒரே திசையில் திரும்புகிறது. மேட் பெயிண்டில் தூள் மேலே துருத்தி நிற்பதால் சிதறுகிறது. இதை அளக்கக் கருவியே உண்டு: 60 டிகிரி சாய்வில் ஒளியைப் பாய்ச்சுவார்கள், மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடிக்கு 100 என்று கணக்கு.

சுவருக்கு மேட் போதும். துடைக்க வேண்டிய கதவு, கிரில்லுக்கு க்ளாஸ் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் வேண்டாம். காய்வதற்குள் ஈரம் படிந்தால் பளபளப்பு மங்கிவிடும்.