அரக்கனுக்கு ஏன் பரிதாபம்?

கேள்வி: 'டீமன் ஸ்லேயர்' படத்தைத் தமிழிலேயே தியேட்டரில் பார்த்தேன். அசந்துபோனேன். அதே மாதிரி இன்னொரு அரக்க வேட்டைக் கதை என்று நினைத்து, போன இதழில் நீங்கள் பாராட்டியிருந்த 'இனுயாஷா'வைப் பார்க்க ஆரம்பித்தேன். 20 எபிசோடோடு நிறுத்திவிட்டேன். ஹீரோவே பாதி அரக்கன். எதிரே வருகிற அரக்கர்களில் பாதிப் பேருக்கு ஒரு சோகக் கதை. ஒரே வில்லனை முடிக்க மொத்தம் 193 எபிசோடாம். அரக்கனைக் கண்டால் வெட்ட வேண்டியதுதானே, அவனுக்கு எதற்குப் பரிதாபம்? இந்தப் பழைய கார்ட்டூனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியது வீண் இல்லையா?

— வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: வீண் இல்லை. நீங்கள் நிறுத்திய இடம்தான் சரியில்லை. இன்னும் நாலே எபிசோட் பொறுத்திருந்தால், 24வது எபிசோடில் சான்கோ வந்திருப்பாள். அரக்க வேட்டையைப் பரம்பரைத் தொழிலாகச் செய்கிற பெண். உங்கள் கேள்விக்கு என்னைவிட அவள் நன்றாகப் பதில் சொல்லக்கூடியவள்.

அதற்கு முன் நீங்கள் பார்த்த படத்தைப் பற்றி ஒன்று. 'டீமன் ஸ்லேயர்' பிடித்தது, அரக்கனுக்குப் பரிதாபப்படுவது பிடிக்கவில்லை என்கிறீர்கள். அதெப்படி? ஹீரோ தஞ்சிரோவின் தங்கை நெசுகோவே அரக்கியாக மாற்றப்பட்டவள். அவளை மறுபடி மனுஷியாக்க வேண்டும் என்றுதான் அவன் வாளையே எடுக்கிறான். நீங்கள் பார்த்த படத்தில் அகாஸா என்ற அரக்கன் மனிதனாக வாழ்ந்த நாட்களை எவ்வளவு நேரம் காட்டினார்கள்! அந்த இடத்தில் உங்கள் மனசு இளகவே இல்லை என்றால் நம்ப மாட்டேன். அங்கே இளகியதற்குக் காசு கொடுத்துவிட்டு, இங்கே அதையே குற்றமாகச் சொல்வது நியாயமில்லை.

ஆனால் இரண்டையும் ஒரே மாதிரிக் கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'டீமன் ஸ்லேயர்' நடப்பது தைஷோ காலம், 1912க்கும் 1926க்கும் இடைப்பட்டது. ரயில் ஓடுகிறது, டோக்கியோவில் மின்விளக்கு எரிகிறது. அங்கே அரக்கர்கள் அத்தனை பேருக்கும் மூலம் முஸான் என்ற ஒருத்தன். அவனை அழித்தால் கணக்கு தீர்ந்துவிடும். ருமிகோ தகாஹாஷி 1996 நவம்பரில் 'ஷோனென் சண்டே' வார இதழில் மங்காவாக, அதாவது ஜப்பானியப் படக்கதையாகத் தொடங்கிய 'இனுயாஷா'வில் அப்படி ஒரே வேர் கிடையாது. இன்றைய டோக்கியோவில் ஒரு கோயில் வளாகத்தில் இருக்கிற பழைய கிணற்றுக்குள் ககோமே என்ற 15 வயதுப் பள்ளி மாணவி இழுக்கப்பட்டு, ஜப்பானின் போர்க்காலமான சென்கோகு காலத்தில் போய் எழுகிறாள். அங்கே அரக்கர்கள் காட்டிலும் மலையிலும் எப்போதும் இருக்கிறவர்கள். அவர்களுக்கு நடுவில்தான் ஜனங்கள் நெல் நட்டு, பிள்ளை பெற்று, பிழைத்துக் கிடக்கிறார்கள்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் கதை இன்னும் பிடிபடும். 1467ல் ஓனின் போர் மூண்டு கியோட்டோ நகரம் எரிந்தது. அதிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் ஜப்பான் முழுக்கப் பிரபுக்களின் சண்டை. படைகள் போகிற வழியில் விளைந்த நெல்லை அறுத்துக்கொண்டு போயின. கிராமத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய் விற்றன. கிராமத்தாரும் சும்மா இருக்கவில்லை. தோற்று ஓடிவருகிற வீரர்களை மறைந்திருந்து மடக்கிக் கொன்று, கவசத்தையும் வாளையும் உருவிக்கொண்டார்கள். அந்தக் காலத்தின் பெரும் பிரபு ஓடா நொபுனாகாவையே வீழ்த்திய அகேச்சி மிட்சுஹிதே, 1582ல் யமசாகி போரில் தோற்று ஓடும்போது இப்படிக் கிராமத்தார் கையில்தான் இறந்தார் என்று சொல்வார்கள். மனிதர்களை மனிதர்களே வேட்டையாடிய காலம் அது. தகாஹாஷி தன் அரக்கர்களைக் கொண்டுபோய் நிறுத்தியது அந்த மண்ணில். எரிந்த ஊர், பிணம் கிடக்கும் களம் என்று பின்னணியில் வந்துகொண்டே இருப்பதையெல்லாம் வெறும் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள்.

இப்போது சான்கோ. அவளுக்கு வயது 16. அவள் ஊரில் அரக்கர்களைக் கொல்வதுதான் எல்லோருக்கும் பிழைப்பு. கூப்பிட்ட ஊருக்குப் போவார்கள், கொல்வார்கள், கூலி வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். கொன்ற அரக்கனின் எலும்பையும் தோலையும் கொண்டே ஆயுதமும் கவசமும் செய்துகொள்வார்கள். சான்கோ முதுகில் சுமந்து திரிகிற ஹிரைகோட்சு என்ற அந்தப் பெரிய வளரியும் அரக்க எலும்புதான். இது சாகச வாழ்க்கை மாதிரியே காட்டப்படாது. தச்சு வேலை, கொல்லு வேலை மாதிரி அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிற ஒரு வேலை, அவ்வளவுதான்.

ஒரு நாள் கோட்டையிலிருந்து அழைப்பு வருகிறது. சிலந்தி அரக்கன் தொல்லை செய்கிறது, வந்து கொல்லுங்கள் என்று. அப்பா தேர்ந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறார். சான்கோவின் தம்பி கோஹாகுவுக்கு 11 வயது, அதுதான் அவனுக்கு முதல் வேட்டை. சிலந்தியைக் கொன்ற கையோடு, அந்தப் பையன் தன் சங்கிலி அரிவாளை அப்பா மேலேயே வீசுகிறான். கூட வந்தவர்களையும் கொல்கிறான். கதையின் வில்லன் நராகு ஒரு சிலந்தி நூலைக் கட்டி அவனைப் பொம்மையாக ஆட்டிவைக்கிறான். அவனுக்குச் சுயநினைவு வரும்போது அக்கா ரத்தத்தில் கிடக்கிறாள். கோட்டை வீரர்கள் எய்த அம்புகள் அவன் மேல் பாய்கின்றன. செத்தவர்களோடு சேர்த்து அவளையும் புதைத்துவிடுகிறார்கள். சான்கோ மண்ணைக் கிளறிக்கொண்டு உயிரோடு வெளியே வருகிறாள். அதற்குள், நல்ல வீரர்கள் யாருமில்லாத அவள் ஊரை அரக்கர்கள் அழித்திருக்கிறார்கள். செய்தது நம் ஹீரோ இனுயாஷா என்று நராகு சொல்கிறான். அவள் நம்பி, ஆறாத காயத்தோடு அவனைக் கொல்லக் கிளம்புகிறாள்.

'அரக்கனைக் கண்டால் வெட்ட வேண்டியதுதானே' என்று எழுதினீர்களே, அந்த வரியை இந்த இடத்தில் வைத்துப் படியுங்கள். சான்கோ அதைத்தான் செய்தாள். இவன்தான் அரக்கன் என்று யாரோ கைகாட்டியவனைத் தேடிப்போய் வெட்டினாள். அவனோ ஒரு பாவமும் அறியாதவன். அவளை ஏவிவிட்டவன் மனித முகத்தோடு, ஒரு பிரபுவின் மகனாகக் கோட்டையில் மரியாதையாக உட்கார்ந்திருந்தான். வேட்டைக்காரிக்கு ஆயுதம் தெரியும், தொழில் தெரியும். யாரை வெட்ட வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. இந்தக் கதை முழுக்க ஓடுகிற கேள்வி அதுதான்.

அதோடு அவளை விட்டார்களா என்றால் இல்லை. கோஹாகு திரும்பி வருகிறான். உடம்பில் பதித்த, ஷிகோன் என்ற மந்திர மணியின் துண்டு ஒன்றினால் மட்டும் உயிர் தரித்திருக்கிறவனாக, நினைவு அழிந்தவனாக, நராகு சொன்னால் யாரையும் கொல்கிறவனாக. தொழில் முறைப்படி பார்த்தால் அவன் கொல்லப்பட வேண்டியவன். அவளுக்குத் தம்பி. அவன் உயிருக்கு விலையாக இனுயாஷாவின் வாளை நராகு கேட்கும்போது, கூட இருப்பவர்களுக்குத் தெரியாமல் சான்கோ அதைத் திருடிக்கொண்டு போகிறாள். இது துரோகம்தான். ஆனால் விஷயம் தெரிந்த பிறகு அவளை யாரும் கூட்டத்தை விட்டுத் துரத்துவதில்லை. நீங்கள் கேட்ட பரிதாபத்துக்கு அர்த்தம் இங்கே இருக்கிறது. பரிதாபம் இல்லாவிட்டால் சான்கோவுக்கே இந்தக் கதையில் இடம் இருந்திருக்காது.

சரி, வில்லனுக்கு வருவோம். நராகு எப்படி உண்டானான்? ஓனிகுமோ என்ற கொள்ளைக்காரன் உடம்பெல்லாம் வெந்து, அசைய முடியாமல் ஒரு குகையில் கிடக்கிறான். பூசாரிப் பெண் கிக்யோ இரக்கப்பட்டு அவனுக்கு மருந்து போட்டுப் பார்த்துக்கொள்கிறாள். அவனுக்கு அவள் மேல் ஆசை. எழுந்து நடமாடி அவளை அடைய வேண்டும் என்று தன் உடம்பையே அரக்கர்களுக்குத் தின்னக் கொடுக்கிறான். அப்படிப் பிறந்தவன் நராகு. எல்லோரும் அடித்துக்கொள்கிற அந்த மணியின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். மிடோரிகோ என்ற பூசாரியைத் தனித்தனியாக வெல்ல முடியாத அரக்கர்கள், அவள் மேல் ரகசியமாக ஆசை வைத்திருந்த ஒரு மனிதனின் மனசைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்று சேர்ந்தார்கள். அவர்களோடு ஏழு பகல் ஏழு இரவு போராடி அவள் விட்ட உயிரும், அந்த அரக்கர்களின் உயிரும் கலந்து மணியாயின. இரண்டு இடத்திலும் அரக்கனுக்கு உள்ளே வர வழி திறந்துவிட்டது ஒரு மனிதனின் ஆசை.

நராகுவும் பாதி அரக்கன்தான், கவனித்தீர்களா? ஹீரோவும் அதே, வில்லனும் அதே. கதை தொடங்கும்போது இருவருக்கும் ஒரே விருப்பம்: உள்ளே இருக்கிற மனிதப் பாதியை ஒழித்துவிட்டு முழு அரக்கனாக வேண்டும். நராகு கடைசிவரை தன் மனித இதயத்தைப் பிய்த்து எறியப் பார்க்கிறான். இனுயாஷா வேறு வழியில் போகிறான். அவன் வாள் டெஸ்ஸைகா, அரக்கனான அப்பாவின் பல்லில் செய்தது. மனுஷியான அம்மாவைக் காப்பாற்றச் செய்தது. மனிதர்களை மதிக்காத அண்ணன் செஷ்ஷோமாரு தொட்டால் அது கையைச் சுடும். ககோமேயைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் வந்த பிறகுதான் தம்பியின் கையிலும் அது வாளாகிறது. அந்த வாள் பக்கத்தில் இல்லாமல் உயிருக்கு ஆபத்து வந்தால், அரக்க ரத்தம் அவனை விழுங்கிவிடும். அப்படி ஒருமுறை, கும்பிட்டு உயிர்ப்பிச்சை கேட்ட கொள்ளைக்காரர்களையும் சேர்த்துக் கிழித்துப் போடுகிறான். தெளிந்த பிறகு எவ்வளவு கழுவியும் கையிலிருந்து மனித ரத்தத்தின் வாசனை போகவில்லை. செத்தவர்கள் கெட்டவர்கள்தானே என்று யாரும் அவனைத் தேற்றிவிட முடியவில்லை. சிறுவர் பத்திரிகையில் வந்த கதையில் இதை எழுத நெஞ்சுரம் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கதையின் நடுவே ஏழு பேர் கொண்ட ஒரு கூலிப்படை வருகிறது. ஏழு பேரும் மனிதர்களாகப் பிறந்தவர்கள். காசு கொடுத்த பிரபுக்களுக்காக ஆயிரக்கணக்கில் கொன்றவர்கள். பிறகு அந்தப் பிரபுக்களே பயந்துபோய் இவர்களை விரட்டிப் பிடித்துத் தலையை வெட்டினார்கள். மணித்துண்டுகளால் நராகு இவர்களை எழுப்பிவிடுகிறான். தொடரிலேயே மிகக் கொடூரமான கொலைகளை இந்த மனிதர்கள்தான் செய்கிறார்கள். அவர்களில் சுய்கோட்சு என்பவனுக்குள் இன்னொருவன் இருக்கிறான். அனாதைக் குழந்தைகளை வளர்க்கிற, ரத்தத்தைப் பார்த்தாலே நடுங்குகிற ஒரு வைத்தியன். உங்கள் கணக்குப்படி இவனை எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள்?

193 எபிசோட் என்று சலித்துக்கொண்டீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. 2000 அக்டோபரில் தொடங்கிய தொடர் 167 எபிசோட் ஓடி 2004 செப்டம்பரில் முடிவில்லாமல் நின்றது. மூலக்கதை அப்போது முடிந்திருக்கவில்லை. அது 2008 ஜூனில்தான் 56 தொகுதிகளோடு முடிந்தது. அதன் பிறகு 2009-10ல் 26 எபிசோடில் மிச்சக் கதையை அவசரமாக ஓட்டிவிட்டார்கள். முதல் பகுதியில் இழுவை, கடைசியில் மூச்சுவாங்கல். ககோமே 'உட்கார்' என்றதும் இனுயாஷா குப்புற விழுகிற வேடிக்கை ஐம்பதாவது முறை சிரிப்பைத் தராது. கூட்டத்தில் ஒருவனான துறவி மிரோகு பெண்களைத் தொட்டுத் தடவுவதை வேடிக்கையாக வைத்திருப்பது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. இதையெல்லாம் சொல்லி நீங்கள் நிறுத்தியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன்.

பழைய கார்ட்டூன் என்பதற்கும் ஒரு பதில். காமிக்ஸ் உலகில் மிகப் பெரிய கௌரவங்களில் ஒன்றான அங்குலேம் விழாவின் கிராண்ட் ப்ரீ விருதை 2019ல் தகாஹாஷிக்குக் கொடுத்தார்கள். அவர் இன்னும் எழுதி வரைந்துகொண்டிருக்கிறார். அவருடைய வேலைக்கு நம் பத்திரிகையில் ஒரு பக்கம் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

24, 25, 26 மூன்றையும் சேர்ந்தாற்போலப் பாருங்கள். சான்கோவின் கதையும் மணி பிறந்த கதையும் அந்த மூன்றில் வந்துவிடும். பிடித்துப்போனால் மேற்கொண்டு மங்காவாகப் படியுங்கள், இழுவை குறைவு. அப்போதும் பிடிக்கவில்லை என்றால் காரணத்தோடு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.