ஏசி, ஹீட்டர், குழாய் வேலைக்கு ஒப்பந்தக்காரரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"பழைய வீடு ஒன்றைச் சீரமைக்கிறேன். ஏசி, வெப்பமூட்டும் கருவிகள், குழாய் வேலை ஆகிய மூன்றையும் அருகிலேயே இருக்கும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாகக் கொடுக்கலாமா? அவர் சரியான ஆள்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்கலாம், ஆனால், ஒரு நிபந்தனையுடன். சுவரையும் தரையையும் மூடுவதற்கு முன்னால், தான் செய்த வேலையை உங்கள் கண்ணெதிரில் சோதித்துக் காட்ட எவர் தயங்காமல் ஒப்புக்கொள்கிறாரோ அவரிடம் கொடுங்கள். விலை, அனுபவம், தூரம் எல்லாவற்றையும் நான் அதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன். கட்டடப் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி, இத்தகைய ஒப்பந்தக்காரர்கள் பலரின் வேலையை அருகில் நின்று பார்த்தவன் என்ற முறையிலும், என் சொந்த வீட்டில் ஆளைச் சரியாக விசாரிக்காமல் வேலையை ஒப்படைத்து அவதிப்பட்டவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

வண்ணம் பூசுவதிலோ தரைக்கல் பதிப்பதிலோ குறை இருந்தால் அது அன்று மாலையே கண்ணில் பட்டுவிடும். இந்த மூன்று வேலைகளும் அப்படியல்ல. குழாய் சுவருக்குள் போய்விடுகிறது, கழிவுநீர்ப் பாதை தரைக்கடியில் போய்விடுகிறது, ஏசியின் செப்புக் குழாய் காப்புறைக்குள் போய்விடுகிறது. வேலை முடிந்த நாளில் எல்லாம் நன்றாகவே ஓடும். ஓராண்டு கழித்துச் சுவரில் ஈரம் பூத்த பிறகுதான் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பது தெரியவரும். அப்போது இடிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

என் வீட்டு ஏசியில் இரண்டே ஆண்டுகளில் மூன்று முறை குளிர்ச்சி குறைந்தது. பொருத்திக் கொடுத்தவரையே மூன்று முறையும் அழைத்தேன். ஒவ்வொரு முறையும் அவர் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் தீர்ந்துபோச்சு சார், போட்டா சரியாயிடும்" என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போனார். நான்காம் முறை வேறொருவரை அழைத்தேன். அவர் கேஸ் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. உள் யூனிட்டின் பின்னால் செப்புக் குழாய்கள் சேரும் இடத்தில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்து, கருப்பு நுரைக் காப்பை மெல்ல விலக்கி, டார்ச் அடித்துக் காட்டினார். பித்தளை நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. அதில் தூசி அப்பிக் கரிய வளையமாகப் படிந்திருந்தது. சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் அதன்மேல் தடவிவிட்டு, "கொஞ்சம் பொறுத்துப் பாருங்க சார்" என்றார். அரை நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு கடுகளவில் ஒரு குமிழ் எழுந்து, மிளகளவுக்குப் பருத்து, உடைந்தது. அதே இடத்தில் அடுத்தது எழுந்தது. நட்டைக் கழற்றியபோது, விரித்துவிடப்பட்ட குழாயின் வாய் ஒரு பக்கம் மெலிந்து கீறல் விட்டிருந்தது.

ஏசியில் இருக்கும் கேஸ் வண்டிக்குப் போடும் பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய சுற்றுக்குள் அது ஆவியாவதும் மீண்டும் திரவமாவதுமாகச் சுழன்றுகொண்டே இருக்கிறது. அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. கம்ப்ரசரின் எண்ணெயில் கொஞ்சம் அந்த கேஸுடன் சேர்ந்தே சுற்றி வருவதால், கசியும் இடத்தில் எண்ணெய்க் கறை படிகிறது. ஆகவே, ஒப்பந்தக்காரரிடம் முதலில் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி, "பொருத்திய பின் கசிவை எப்படிச் சோதிப்பீர்கள்?" என்பதுதான். நைட்ரஜனை அழுத்தத்துடன் ஏற்றி, கேஜின் முள் இறங்குகிறதா என்று நேரம் கொடுத்துப் பார்த்து, அதன்பின் வாக்யூம் பம்ப் வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டுத்தான் கேஸைத் திறப்பேன் என்று அவர் சொன்னால் தொழில் தெரிந்தவர். 500 மைக்ரான் (உள்ளே மிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இழுத்து, பம்பை நிறுத்திய பின்னும் அது ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்பேன் என்றும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. "கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றை வெளியே தள்ளிவிடுவோம், அது போதும்" என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டு அழுத்தம் ஏற்ற எவராவது முனைந்தால், அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துங்கள். அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். அதில் உயிர்போகும் ஆபத்து இருக்கிறது.

கேஸின் வகையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32, ஆர்-290 ஆகியவற்றை ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று என்று ஊற்றிவிட முடியாது. ஆர்-22 ஓசோன் படலத்தைப் பாதிப்பதால் 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே படிப்படியாக விலக்கப்பட்டு வருவது. ஆர்-410ஏ அதைவிட அதிக அழுத்தத்தில் இயங்குவதோடு, வேறு வகை எண்ணெயையும் வேண்டுவது. ஆர்-32 இலேசாகத் தீப்பற்றக்கூடியது. ஆர்-290 என்பது புரொப்பேன், எளிதில் தீப்பற்றும். உங்கள் கருவியின் தகட்டில் எந்தப் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதோ அதுதான் அதற்குள் போகவேண்டும்.

இனி, முதல் வருகை. வீட்டுக்கு வந்து அறை வாசலில் நின்று எட்டிப்பார்த்துவிட்டு, "இதுக்கு ஒன்றரை டன் போட்டுடலாம்" என்று சொல்பவர் கணக்குப் போடவில்லை. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது என்பது தரைப் பரப்பை மட்டும் பொறுத்ததல்ல. கூரையின் உயரம், மேற்கு பார்த்த கண்ணாடி, மேலே மாடி இருக்கிறதா வெறும் மொட்டைமாடியா, அறையில் எத்தனை பேர் புழங்குகிறார்கள், காற்று எந்த இடுக்கில் நுழைகிறது என எல்லாம் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. நல்ல ஒப்பந்தக்காரர் டேப்பை எடுத்து அளப்பார்; பிற்பகலில் வெயில் எந்தச் சன்னலில் விழும் என்று கேட்பார். தேவைக்கு மேல் பெரிய கருவி வைப்பது பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பெரிய கருவி சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்து நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரப்பதத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு அவகாசம் கிடைக்காது. அறை சில்லென்று இருந்தும் புழுக்கம் போகாமல், போர்வை பிசுபிசுப்பது இதனால்தான். அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் 1902இல் நவீன ஏசி அமைப்பை வடிவமைத்ததே நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்த ஓர் அச்சகத்தில் தாள் ஈரத்தால் விரிந்து சுருங்குவதைத் தடுக்கத்தான். ஈரத்தைக் கட்டுப்படுத்துவது இந்தக் கருவியின் பிறவிக் கடமை. அளவு தவறினால் அதுதான் முதலில் கெடுகிறது.

வெப்பமூட்டும் பக்கத்தில் நீங்கள் காட்டவேண்டிய கண்டிப்பு இன்னும் அதிகம். கேஸில் (இங்கே எரிவாயுவைச் சொல்கிறேன்) எரியும் ஹீட்டரோ பாய்லரோ எதுவானாலும் அது எரிவதற்குக் காற்று உள்ளே வரவேண்டும், புகை முழுவதும் வெளியே போகவேண்டும். அந்தப் பாதை அடைபட்டால் உருவாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்த பிறகு எழுந்து கதவைத் திறக்கக்கூட உடலில் தெம்பு இல்லாமல் போகலாம். புகைபோக்கி எங்கே வெளியேறும், அதற்கருகில் சன்னல் இருக்கிறதா, காற்று வரும் வழி எது, அபாய மணி எங்கே வைப்பீர்கள் என்ற நான்குக்கும் வரைபடத்தில் கைவைத்துப் பதில் சொல்பவர் வேண்டும். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் சாதாரண கேஸ் ஹீட்டரைப் பொருத்தித் தருகிறேன் என்பவருக்கு எவ்வளவு அனுபவம் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேஸ் தேவையே இல்லாமல், ஒரே கருவி கோடையில் குளிரையும் பனிக்காலத்தில் வெப்பத்தையும் தரும் ஹீட் பம்ப் உங்களுக்கு ஒத்துவருமா என்றும் கேட்டுப் பாருங்கள்; மிதமான குளிரில் அது ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு ஏறத்தாழ மூன்று யூனிட் அளவுக்கு வெப்பத்தை அறைக்குள் கொண்டுவரும்.

தண்ணீரைச் சூடாக்கும் தொட்டியில் நான் தவறாமல் பார்ப்பது அழுத்தம் விடுவிக்கும் வால்வை. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி நீர் கொதிக்கத் தொடங்கினால், தொட்டி வெடிக்காமல் காப்பது அந்தச் சிறிய பித்தளை வால்வுதான். சொட்டுகிறது என்று அதன் வாயை அடைத்துவிட்டுப் போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். இதைவிட ஆபத்தான செயல் குழாய் வேலையில் குறைவு. இரும்புக் குழாயையும் செப்புக் குழாயையும் நேரடியாகச் சேர்த்தால் இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும் என்பதும், தொட்டிக்குள் இருக்கும் மக்னீசியக் கம்பி தான் கரைந்து தொட்டியைக் காக்கிறது என்பதும், அது கரைந்த பின் மாற்றப்படவேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

குழாய் வேலையைப் பொறுத்தவரை நான் முதலில் சொன்ன நிபந்தனை முழுமையாகப் பொருந்துகிறது. புதிய குழாய்களின் வாய்களை எல்லாம் அடைத்து, கைப்பம்பு கொண்டு வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, இரண்டு மணி நேரமாவது முள் அசைகிறதா என்று பார்த்த பிறகே கொத்தனார் சுவரில் குழாய்க்காக வெட்டிய காடியைப் பூசவேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பூசும் நாளில் வேலை மும்முரத்தில் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும். அப்போது வாய்ப்பேச்சு நிற்காது. சிபிவிசி என்னும் பிளாஸ்டிக் குழாய்க்கு அதற்குரிய பசையையே பூசுகிறாரா, ஒட்டிய பின் காய விடுகிறாரா என்பதையும் பாருங்கள். கழிவுநீர்ப் பாதைக்குச் சரிவு சீராக இருக்கவேண்டும். கைகழுவும் தொட்டிக்கடியில் வளைந்திருக்கும் ட்ராப் என்ற குழாய்ப் பகுதியில் நிற்கும் நீர்தான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது. கழிவுநீர்ப் பாதைக்குக் காற்று வந்துபோகும் காற்றுக்குழாய் வைக்காமல் விட்டால், ஒரு பக்கம் நீர் வேகமாக இறங்கும்போது அந்த நீரும் உறிஞ்சப்பட்டுப் போய்விடும்.

மூன்றையும் ஒருவரிடமே கொடுப்பதை நான் விரும்புவதற்குக் காரணம், வேலைகள் சந்திக்கும் இடங்களில்தான் பெரும்பாலான தகராறுகள் பிறக்கின்றன என்பதே. ஏசியிலிருந்து வடியும் நீரைச் சுவர்வரை கொண்டுவந்து விட்டதோடு ஏசிக்காரரின் பொறுப்பு முடிந்துவிடும். அதைக் கழிவுநீர்க் குழாயில் சேர்ப்பது தன் வேலையல்ல என்று பிளம்பர் சொல்வார். ஒருவர்தான் பொறுப்பு என்றால் இந்தப் பேச்சே எழாது. ஆனால், பேசி முடிப்பவரும் வேலைக்கு வருபவரும் பல நேரம் ஒருவராக இருப்பதில்லை. "கேஸ் வேலைக்கு யார் வருவார்? அவருக்கு உரிமம் இருக்கிறதா? அவரை நான் முன்கூட்டியே பார்க்கலாமா?" என்று கேளுங்கள். உரிமம், காப்பீடு ஆகியவற்றின் சான்றுகளைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாகத் தொழில் செய்பவர் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

அருகில் இருப்பவர் என்பதால் கிடைக்கும் பெரிய பயன், அவருடைய பழைய வேலையை நீங்கள் நேரில் போய்ப் பார்க்கலாம் என்பது. சென்ற மாதம் முடித்த வீட்டை அல்ல, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே இருப்பவரிடம், "நன்றாகச் செய்தாரா?" என்பதைவிட, "முடித்த பின் ஏதாவது பழுது வந்ததா, கூப்பிட்டவுடன் வந்தாரா?" என்று கேட்டால்தான் உண்மையான பதில் கிடைக்கும்.

விலைப்பட்டியலை மூவரிடம் வாங்குங்கள். ஆனால், மூவருக்கும் ஒரே வேலை விவரத்தை எழுதிக் கொடுத்து வாங்குங்கள். குழாயின் வகை, கனம், வால்வுகளின் எண்ணிக்கை, இடித்த இடத்தைப் பூசித் தருவது, சோதனைகள் ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்கவேண்டும். "மொத்தமாக இவ்வளவு" என்று ஒரே வரியில் வரும் பட்டியலை ஒப்பிடவே முடியாது. கருவிக்கு நிறுவனம் தரும் உத்தரவாதம் வேறு, பொருத்திய வேலைக்கு ஒப்பந்தக்காரர் தரும் உத்தரவாதம் வேறு; என் வீட்டுப் பித்தளை நட்டின் கசிவு இரண்டாம் வகை. நான் அதை எழுதி வாங்காததால்தான் மூன்று முறையும் பணம் கொடுக்க நேர்ந்தது.

பணத்தை நாள் கணக்கில் பிரிக்காமல் கட்டங்களின்படி பிரியுங்கள்: பொருள் வந்து இறங்கியதும் ஒரு பகுதி, அழுத்தச் சோதனை முடிந்ததும் ஒரு பகுதி, எல்லாக் கருவிகளும் ஓடிய பின் ஒரு பகுதி. ஒரு பகுதியைக் கடைசி நாளுக்கென்று நிறுத்திவையுங்கள். அன்று ஏசியின் வடிநீர்த் தட்டில் ஒரு குவளை நீரை ஊற்றி, அது வெளியே உள்ள குழாய் வாயில் வந்து விழுகிறதா என்று நீங்களே பாருங்கள். எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டுக் கழிவுநீர் தேங்காமல் போகிறதா என்று கவனியுங்கள். வீட்டின் முதன்மை வால்வையும் கேஸ் வால்வையும் உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒருமுறை கையால் மூடித் திறந்து பார்க்கட்டும். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை விரித்துவைத்து எடுத்த படங்களை ஒப்பந்தக்காரரிடமிருந்து வாங்கிக்கொண்டு, அதன்பின் அந்தக் கடைசிப் பகுதியைக் கொடுங்கள்.