பொறியாளர் ரெஸ்யூமே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலைக்கு ஆள் எடுக்கும் பொறியாளர் ரெஸ்யூமேயைக் கையில் வாங்கியதும் இரண்டு மூன்று வரிகளை வட்டமிடுவார். நேர்காணல் பெரும்பாலும் அந்த வரிகளைச் சுற்றியே நடக்கும். எந்த வரியை எழுதினாலும் "இதை வைத்து அடுத்து என்ன கேட்பார்?" என்று ஒரு முறை யோசித்துவிடுங்கள். கீழே உள்ள பதில்கள் அந்தக் கணக்கில் எழுதப்பட்டவை.

மெக்கானிக்கல் இறுதியாண்டு. இன்டர்ன்ஷிப் எதுவும் இல்லை. ப்ராஜெக்ட் நான்கு பேர் சேர்ந்து செய்தது. உண்மையைச் சொன்னால் பாதி வேலை ப்ராஜெக்ட் சென்டரில் (காசு வாங்கிக்கொண்டு மாணவர் ப்ராஜெக்டைச் செய்து தரும் இடம்) நடந்தது. எதை வைத்து ஒரு பக்கத்தை நிரப்புவது?
— மாணவர், திருநெல்வேலி

பக்கம் முழுதாக நிரம்பாவிட்டால் பரவாயில்லை. ப்ராஜெக்ட் தலைப்பைப் போட்டு, ரிப்போர்ட்டின் அப்ஸ்ட்ராக்டிலிருந்து ஐந்து வரி வெட்டி ஒட்டுவதுதான் தவறு. அதில் கருவி என்ன செய்யும் என்பது இருக்கும், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது இருக்காது.

இப்படி எழுதிப் பாருங்கள் (ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளலாம்): "கையால் தள்ளும் களையெடுக்கும் கருவி, நால்வர் குழு. என் பங்கு: சட்டகம். 25×25×2 மி.மீ. மைல்ட் ஸ்டீல் சதுரக் குழாய். சாலிட்வொர்க்ஸில் மாடல், 250 நியூட்டன் தள்ளுவிசைக்கு அழுத்தப் பகுப்பாய்வு. எடை 14 கிலோவிலிருந்து 11.5 கிலோவானது. வயலில் ஓட்டியபோது கைப்பிடி மூட்டில் விரிசல். கசெட் தகடு (மூட்டைப் பலப்படுத்தும் தகடு) வைத்துச் சரிசெய்யப்பட்டது."

நான்கைந்து வரிதான். ஆனால் ஒவ்வொன்றிலும் கேட்க ஏதோ இருக்கிறது. ஏன் 2 மி.மீ., 1.6 போதாதா? 250 நியூட்டன் எங்கிருந்து வந்தது, அளந்தீர்களா, புத்தகத்தில் எடுத்தீர்களா? விரிசல் வெல்டிலேயே வந்ததா, வெல்டை ஒட்டிய உலோகத்திலா? இவற்றுக்குப் பதில் தெரிந்தவருக்கு இன்டர்ன்ஷிப் இல்லாதது பெரிய குறையாகத் தெரியாது. பழுதானதை எழுதத் தயங்காதீர்கள். எல்லாம் முதல் தடவையிலேயே சரியாக ஓடியது என்று எழுதினால்தான் சந்தேகம் வரும்.

ப்ராஜெக்ட் சென்டரில் செய்ததை "நான் வடிவமைத்தேன்" என்று போடாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். வழி இருக்கிறது. அந்தக் கருவி இன்னும் கல்லூரி லேபில் ஒரு மூலையில் கிடக்கும். வெர்னியரும் டேப்பும் எடுத்துப்போய் அளந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் டிராயிங், ஒரு அசெம்ப்ளி டிராயிங், பொருள் பட்டியல் எல்லாம் நீங்களே போடுங்கள். பேரிங் உட்காரும் இடத்தில் என்ன ஃபிட் (இறுக்கமா, தளர்வா) கொடுக்க வேண்டும் என்று குறியுங்கள். பிறகு "செய்து முடித்த கருவியை அளந்து முழு டிராயிங் தொகுப்பு தயாரித்தேன்" என்று எழுதலாம். அது பொய்யில்லை, கேட்டாலும் சொல்ல விஷயம் இருக்கும்.

ஐந்து நாள் இன்பிளாண்ட் ட்ரெயினிங்கை இன்டர்ன்ஷிப் என்று உயர்த்த வேண்டாம். அதன் பெயரிலேயே, நாள் கணக்கோடு போடுங்கள். படிப்பு முடிந்தும் வேலை அமையாவிட்டால், மத்திய அரசின் நாட்ஸ் (தேசிய அப்ரெண்டிஸ் பயிற்சித் திட்டம்) தளத்தில் பதிந்து ஓராண்டு அப்ரெண்டிஸ் ஆகலாம். ரெஸ்யூமேயில் அது வெற்றிடத்தைவிட எவ்வளவோ மேல்.

சிஜிபிஏ 6.96. ஐந்து அரியர் வைத்து எல்லாவற்றையும் கிளியர் செய்துவிட்டேன். அதை எழுத வேண்டுமா? 7 என்று போடலாமா?
— ஈசிஇ பட்டதாரி, வேலூர்

7 என்று போடக்கூடாது. மதிப்பெண் பட்டியலில் என்ன இருக்கிறதோ அதையே, 10-க்கு என்று குறிப்பிட்டு எழுதுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் 0.04 வித்தியாசம்கூட "தவறான தகவல்" என்ற கட்டத்தில்தான் விழும்.

படிவத்தில் சதவீதம் கேட்டால், உங்கள் பல்கலைக்கழகம் தரும் சூத்திரத்தில் மாற்றுங்கள். எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே சூத்திரம் கிடையாது: சில இடங்களில் நேராகப் பத்தால் பெருக்குவார்கள், சில இடங்களில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டுப் பெருக்குவார்கள். பல மதிப்பெண் பட்டியல்களின் பின்பக்கத்தில் அது அச்சாகியிருக்கும்.

கிளியர் செய்த அரியரை ரெஸ்யூமேயில் எழுதத் தேவையில்லை. படிவத்தில் தனியாகக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். இன்னும் நிலுவையில் இருக்கும் அரியரை மட்டும் எங்கேயும் மறைக்காதீர்கள். சேரும் நாளில் அது தெரிந்துவிடும்.

பார்க்க அழகான டெம்ப்ளேட்டில் செய்து நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் விண்ணப்பிக்கிறேன். ஒரு பதிலும் இல்லை. "ஏடிஎஸ் ஸ்கோர்" 42 என்று ஒரு தளம் சொல்கிறது. பணம் கட்டினால் 90 ஆக்கித் தருகிறார்களாம்.
— இரண்டு வருட அனுபவம், சென்னை

பணம் கட்டாதீர்கள். அந்த 42 அந்தத் தளம் தானாக வைத்துக்கொண்ட கணக்கு. நீங்கள் விண்ணப்பித்த நிறுவனத்துக்கு அந்த எண் போவதே இல்லை. ஏடிஎஸ் என்பது நிறுவனங்கள் வைத்திருக்கும் விண்ணப்ப மென்பொருள். அது ரெஸ்யூமேயிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்து, பெயர், பணி, திறன் என்று கட்டங்களில் போடும். ஆள் தேடுபவர் சொற்களைத் தட்டித் தேடுவார். கட்டத்தில் சரியாக விழாதவர் தேடலில் வரமாட்டார், அவ்வளவுதான். தானாகவே நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் விண்ணப்பத்தில் இருக்கும் கேள்விகளால்: நோட்டீஸ் பீரியட் 90 நாள், எதிர்பார்க்கும் சம்பளம், குறைந்தபட்ச அனுபவம். அங்கே யோசித்துப் பதில் போடுங்கள்.

உங்கள் கோப்பை நீங்களே சோதிக்கலாம், செலவில்லை. பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் செலக்ட் செய்து, காப்பி எடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். என்ன வருகிறது என்று பாருங்கள்.

ஒன்றுமே வராவிட்டால் உங்கள் ரெஸ்யூமே வெறும் படம். ஸ்கேன் செய்ததாலோ, டிசைன் தளத்திலிருந்து படமாக இறக்கியதாலோ இப்படி ஆகும். இடப்பக்கத் திறன் பட்டியலும் வலப்பக்கப் பணி விவரமும் வரிக்கு வரி கலந்து வந்தால் பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த அமைப்புதான் காரணம். பிரிக்காத பக்கத்துக்கு மாறுங்கள். வேர்ட் கோப்பாக அனுப்புவதானால், போன் எண்ணை ஹெட்டரில் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். சில மென்பொருள்கள் ஹெட்டரைப் படிப்பதில்லை. எண்ணைப் பக்கத்தின் உடம்புக்குள் கொண்டுவாருங்கள். போன், கடித உறை ஐகான்கள் சதுரக் கட்டங்களாக வரும், அவற்றை எடுத்துவிடுங்கள்.

திறனைப் பட்டையாக வரைந்து "சி++ 80%" என்று போடுவதையும் விடுங்கள். எதில் எண்பது? யாரிடமும் பதில் இல்லை.

எழுத்து 10 அல்லது 11 அளவு, சாதாரண ஃபான்ட், கோப்பு 1 எம்பிக்குள். சுருக்கப் பெயரையும் முழுப் பெயரையும் ஒருமுறையாவது சேர்த்து எழுதுங்கள். ஒருவர் "எஃப்எம்இஏ" (பழுது எப்படி வரலாம் என்று முன்கூட்டியே ஆராயும் முறை) என்று தேடுவார், இன்னொருவர் விரிவான பெயரைத் தட்டுவார். வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்து வைக்கும் தந்திரம் வேண்டாம். பிரித்தெடுத்த பிறகு அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

ஓசூரில் வாகன உதிரிபாக நிறுவனத்தில் மூன்று வருடமாகக் குவாலிட்டி இன்ஜினீயர். ரெஸ்யூமே முழுக்க "பொறுப்பு வகித்தேன்" என்றே இருக்கிறது. எண்கள் போடச் சொல்கிறார்கள். ஆனால் அவை கம்பெனி ரகசியமாயிற்றே?

எல்லா எண்ணும் ரகசியமில்லை. வாடிக்கையாளர் பெயர், பாக எண், டிராயிங், விலை, மொத்த உற்பத்தி ஆகியவை வெளியே போகக்கூடாது. விகிதமும் முன்-பின் ஒப்பீடும் பெரும்பாலும் சிக்கலில்லாதவை. "ஒரு கார் தயாரிப்பாளருக்கான ஸ்டீயரிங் பாகம்" என்று சொன்னால் போதும்.

உதாரணமாக: "25 எச்7 துளையில் அண்டர்சைஸ் ரிஜெக்‌ஷன் 4.2%-லிருந்து 1.6% ஆனது, ஆறு மாதத்தில். காரணம்: போரிங் பாரின் ஓவர்ஹேங்கும் இன்சர்ட் தேய்மானமும். 60 பாகத்துக்கு ஒருமுறை ஆஃப்செட் திருத்தம், ஏர் கேஜ் அளவீடு, கன்ட்ரோல் பிளான் மாற்றம்." படிப்பவருக்கு 25 எச்7 என்றால் 25 மி.மீ. துளையின் அளவு 21 மைக்ரானுக்குள் மட்டுமே மாறலாம் என்று தெரியும், எவ்வளவு இறுக்கமான வேலை என்பது சொல்லாமலே புரிந்துவிடும். எண் மட்டும் இருந்து காரணம் இல்லையென்றால் யாரோ குறைத்ததை நீங்கள் எழுதியதுபோல் இருக்கும். குழு செய்ததைக் குழு என்றும், உங்கள் பங்கைத் தனியாகவும் எழுதுங்கள்.

இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்களுடையதை உங்கள் பதிவேட்டிலிருந்து எடுங்கள். நினைவில் இல்லாததைக் குத்துமதிப்பாகப் போடுவதைவிட "8டி அறிக்கைகள் தயாரித்து வாடிக்கையாளர் ஒப்புதல் பெற்றேன்" (8டி என்பது குறையின் காரணத்தையும் திருத்தத்தையும் எட்டுப் படியில் சொல்லும் அறிக்கை) என்று எண்ணில்லாமல் எழுதுவது நல்லது.

வாகனத் துறையின் தர முறைகளான ஏபிக்யூபி, பிபிஏபி, எஃப்எம்இஏ, எம்எஸ்ஏ, எஸ்பிசி ஐந்தையும் வரிசையாகப் போடுவது எல்லோருக்கும் பழக்கம். எதை நீங்களே கையால் செய்தீர்களோ அதை மட்டும் வையுங்கள். எம்எஸ்ஏ (அளக்கும் முறையையே சோதிப்பது) என்று எழுதியவரிடம் "கேஜ் ஆர்&ஆர் 18% வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். கருவியாலும் அளப்பவராலும் அளவில் வரும் வேறுபாடு அது. 10 சதவீதத்துக்குக் கீழே ஏற்பு, 30-க்கு மேல் நிராகரிப்பு, இடைப்பட்டது பயன்பாட்டைப் பொறுத்தது என்பதோடு, உங்கள் இடத்தில் அதை எப்படி முடிவு செய்தீர்கள் என்றும் சொல்லத் தெரிய வேண்டும்.

வேலை பார்ப்பது பெரிய தொழிற்சாலையில். சம்பளம் தருவது ஒப்பந்த நிறுவனம். ரெஸ்யூமேயில் எந்தப் பெயர்?
— ஸ்ரீபெரும்புதூர்

இரண்டும். முதலில் சம்பளம் தரும் நிறுவனம், அதே வரியில் "பணியிடம்: இன்ன தொழிற்சாலை". பெரிய பெயரை மட்டும் போட்டால் பின்னணிச் சரிபார்ப்பில் அந்தத் தொழிற்சாலையின் எச்ஆர் "எங்கள் ஆள் இல்லை" என்று எழுதி அனுப்புவார். அத்தோடு முடிந்தது.

பிஎஃப் பிடித்திருந்தால் உங்கள் யூஏஎன் (பிஎஃப் உறுப்பினருக்கான நிரந்தர எண்) கணக்கில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, நிறுவனத்தின் பெயர் எல்லாம் இருக்கும். ரெஸ்யூமே தேதிகளை எழுதும் முன் அந்தச் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து ஒப்பிட்டுவிடுங்கள். விலகிய தேதியைப் பழைய நிறுவனம் ஏற்றாமல் விட்டிருப்பது அடிக்கடி நடக்கும். இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வேலை பார்த்ததுபோல் தெரியும். வேலை தேடும் முன்பே சரிசெய்ய வேண்டியது அது. அனுபவச் சான்றிதழ் விற்கும் ஆட்களிடம் போனவர்கள் பலர் மாட்டுவதும் இங்கேதான்: காகிதம் இருக்கும், பிஎஃப் இருக்காது.

டிஎன்பிஎஸ்சிக்குப் படித்ததோ, குழந்தைப்பேறோ, இடைவெளி இருந்தால் வருடம் மாதத்தோடு ஒரே வரியில் எழுதிவிடுங்கள். முந்தைய வேலையின் தேதியை இழுத்து அதை மூடப் பார்க்காதீர்கள்.

சிவில், ஐந்து வருட சைட் அனுபவம். வளைகுடாவுக்கு முயல்கிறேன். இங்கே அனுப்பும் ரெஸ்யூமே அங்கே போதுமா?
— தஞ்சாவூர்

போதாது. அங்கே சிவில் ரெஸ்யூமே இரண்டு மூன்று பக்கம் போகலாம், ஏனென்றால் ப்ராஜெக்ட் வாரியாகப் படிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டட வகை (பேஸ்மென்ட்+ஜி+7 போல, அதாவது தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி), கட்டிய பரப்பு, ஒப்பந்த மதிப்பு, கிளையன்ட், கன்சல்டன்ட், கான்ட்ராக்டர், உங்கள் பதவி, மாதக் கணக்கு. கிளையன்ட், கன்சல்டன்ட், கான்ட்ராக்டர் மூவரில் யார் பக்கம் நின்றீர்கள் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

"சைட் மேற்பார்வை" என்று மட்டும் எழுதாதீர்கள். பார் பெண்டிங் ஷெட்யூல் (கம்பி வளைப்புப் பட்டியல்) போட்டீர்களா, சரிபார்த்தீர்களா? ஆர்ஏ பில்லுக்கு (வேலை நடக்க நடக்கப் போடும் பில்) அளவெடுத்தீர்களா? ஒரே நாளில் அதிகபட்சம் எத்தனை கனமீட்டர் எம்30 கான்கிரீட் ஊற்றினீர்கள், பம்பா, பக்கெட்டா? ஐஎஸ் 456 (இந்திய கான்கிரீட் விதித்தொகுப்பு) உங்கள் அடிப்படை என்றால் அப்படியே சொல்லுங்கள். தெரியாத ஏசிஐ (அமெரிக்க), பிஎஸ் (பிரிட்டிஷ்) விதிகளைச் சேர்க்காதீர்கள்.

மேலே பாஸ்போர்ட் காலாவதி ஆண்டு, ஓட்டுநர் உரிமம், எப்போது சேர முடியும் என்பவை இருக்கட்டும். பாஸ்போர்ட் எண் ஆஃபர் வந்தபிறகு கொடுத்தால் போதும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல், இனிஷியல். பட்டத்தில் "எஸ். குமார்", பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து இரண்டு சொல்லாக இருக்கும். ரெஸ்யூமே, லிங்க்ட்இன், விண்ணப்பம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். விசா அந்தப் பெயருக்குத்தான் வரும்.

நாட்டுக்கு நாடு பதிவு விதி உண்டு. சவூதியில் பொறியாளர் பணிக்குச் சவூதி பொறியாளர் கவுன்சிலில் பதிய வேண்டும். குவைத்தில் 2018 முதல் பட்டப்படிப்புக்கு என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உண்டா என்று பார்க்கிறார்கள். உங்கள் கல்லூரியில் உங்கள் பாடப்பிரிவுக்கு, நீங்கள் படித்த ஆண்டுகளில் அது இருந்ததா என்று என்பிஏ தளத்தில் தேடிவிட்டு விண்ணப்பியுங்கள்.

ட்ரிபிள் இ முடித்தேன். கோர் (படித்த பாடப்பிரிவிலேயே) வேலையும் வேண்டும், ஐடியும் பரவாயில்லை. ஒரே ரெஸ்யூமே போதாதா?
— மதுரை

இரண்டு செய்யுங்கள். எல்லாவற்றையும் கொட்டி வைத்த ஒரு மூலக் கோப்பு இருந்தால் அதிலிருந்து வெட்டுவது அரை மணி நேர வேலை. கோர் ரெஸ்யூமேயில் "பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) தெரியும்" என்பதற்குப் பதில் மாடலும் செய்த வேலையும்: "சீமென்ஸ் எஸ்7-1200, டிஐஏ போர்ட்டல், மூன்று மோட்டார் கன்வேயருக்கு லேடர் லாஜிக், இன்டர்லாக், எமர்ஜென்சி ஸ்டாப்." சிமுலேட்டரில் மட்டும் ஓட்டியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஐடி ரெஸ்யூமேயில் கிட்ஹப் (நிரலைச் சேமித்துப் பகிரும் தளம்) இணைப்பு வைப்பதானால், திறந்ததும் ஓடும் நிலையில் ஒரு ப்ராஜெக்ட் போதும். எதற்கு, எப்படி ஓட்டுவது என்ற ரீட்மீ இல்லாத பத்து களஞ்சியங்கள் வேண்டாம்.

சில சின்னக் கேள்விகள், சேர்த்தே

டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ.: பி.இ., டிப்ளமோ, பத்தாம் வகுப்பு என்று மேலிருந்து கீழாக. பன்னிரண்டாம் வகுப்புக்குக் காலி வரிசை விட வேண்டாம். இடையில் வேலை பார்த்திருந்தால் அதுதான் உங்கள் பலம், படிப்புக்கு மேலே வையுங்கள்.

"சவாலான சூழலில் என் திறமையை வளர்க்க" வகையறா ஆப்ஜெக்டிவ்: எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பிரிவு, அனுபவ வருடம், கைவந்த இரண்டு வேலைகள், தேடும் பதவி என்று இரண்டு வரி.

தந்தை பெயர், மதம், திருமண நிலை, முழு வீட்டு முகவரி தேவையில்லை. ஊர் பெயர் போதும். புகைப்படம் கேட்டால் மட்டும். ஆதார், பான் எண்கள் ஒருபோதும் வேண்டாம். அந்தக் கோப்பு எத்தனை பேர் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. கீழே "மேற்கண்டவை உண்மை" என்ற உறுதிமொழியும் கையெழுத்தும் அரசு விண்ணப்பத்தில் கேட்டால் அங்கே போடுங்கள். தனியார் நிறுவனத்துக்கு அந்த நான்கு வரியில் இன்னொரு வேலையை எழுதலாம்.

கோப்பின் பெயர் "ரெஸ்யூமே ஃபைனல் 3" என்று இருக்கக்கூடாது. உங்கள் பெயர், பிரிவு, அனுபவ வருடம்.