காபிக்கடை அக்கா பதில்கள்: சேலையோடு நிறுத்தாதீர்கள்

(கோபிசெட்டிபாளையத்தில், மாமியாருக்குப் பிறகு காபித்தூள் கடையை எடுத்து நடத்துகிறவர் அக்கா. காபித் தொழிலில் இருக்கும் பெண்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

ஏற்காட்டில் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம் இருக்கிறது. மார்ச் மாதம் மகளிர் தினத்தன்று, பழம் பறிக்க வரும் பெண்களுக்குச் சேலை கொடுத்து விழா வைக்கலாம் என்கிறான் மகன். வேறு என்ன செய்யலாம்?
– வாசகர், சேலம்

சேலை கொடுங்கள், நல்லதாகவே எடுங்கள். ஆனால் மார்ச்சில் வேண்டாம். உங்கள் பக்கம் விளைகிற அரபிக்கா வகைக் காபியின் பறிப்பு ஜனவரி, மிஞ்சினால் பிப்ரவரியோடு முடிந்துவிடும். மார்ச் என்பது காபிச் செடியைப் பூக்க வைக்கிற பூ மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிற மாதம். பறித்தவர்களில் பாதிப் பேர் அப்போது வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். அதனால் பறிப்பு முடிகிற அன்றைக்கே விழாவை வைத்துவிடுங்கள்.

அன்றைக்கு முதல் வேலையாக, அவர்கள் பறித்த காபியை அவர்களுக்கே போட்டுக் கொடுங்கள். நவம்பரில் பறித்தது அதற்குள் காய்ந்து தயாராக இருக்கும். சிக்கரி கலக்காமல், வீட்டு விருந்தாளிக்குப் போடுகிற அதே கெட்டி டிகாக்ஷனில் போடுங்கள். வருஷக்கணக்காகப் பழம் பறிக்கிற எத்தனையோ பேர் தங்கள் கைப்பட்ட காபியைக் குடித்ததே இல்லை. தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கட்டஞ்சாயாதான். எனக்கு இது மனசு பொறுக்காத விஷயம்.

பழம் பறிக்கிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். கிளைக்குக் காயம் படாமல் சிவந்ததை மட்டும் விரல் நுனியால் திருகி எடுக்கிறார்கள். இடுப்பில் பை, காலடியில் சரிவு, மரத்தில் முசுறு எறும்பு. ஐந்தாறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ கொட்டை தேறும். அவசரத்தில் பச்சைக்காய் விழுந்துவிட்டால் அது எனக்குக் கடையில் தெரிந்துவிடும். வறுத்துத் தட்டில் கொட்டியதும் மற்றதெல்லாம் பழுப்பேறி இருக்க, அந்தக் கொட்டை மட்டும் நிறம் ஏறாமல் வெளிறிக் கிடக்கும். தூளில் சேர்ந்தால் துவர்ப்பு. ஆக, உங்கள் காபியின் ருசியை முதலில் முடிவு செய்வது அந்த விரல்கள்தான்.

அப்புறம் பணத்துக்கு வருவோம். கிலோ கணக்கில் கூலி என்றால், தராசு முள்ளோ எண்ணோ பறித்தவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். எடையை ஒரு சின்ன நோட்டில் எழுதி அவர் கையிலும் கொடுங்கள். தினக்கூலி என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அதற்கு 1976லேயே சட்டம் வந்துவிட்டது. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. உங்களுடையது சின்னத் தோட்டம், சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் நிழலில் ஒரு தொட்டில், கதவுள்ள ஒரு கழிப்பறை, இரண்டையும் செய்யுங்கள். உலகக் காபித் தோட்டங்களில் நடக்கும் வேலையில் 70 சதவீதம் வரை பெண்கள் செய்வது என்று சர்வதேச காபி அமைப்பு 2018இல் சொன்னது. பெண்கள் நடத்தும் தோட்டங்களோ 20 முதல் 30 சதவீதம்தான். இந்த இடைவெளி இருக்கிற வரைக்கும் விழா மட்டும் போதாது.

காபிக்காகப் பெண்கள் ஏதாவது கண்டுபிடித்திருக்கிறார்களா?
– மாணவி, திருப்பூர்

இருக்கிறார்கள் கண்ணு. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்று ஓர் இல்லத்தரசி. காபியில் கசப்பும் மண்டியும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு பித்தளைப் பாத்திரத்தில் ஓட்டை போட்டு, மகனுடைய நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளை அதில் வைத்து வடிகட்டிப் பார்த்தார். 1908இல் அதற்குக் காப்புரிமை வாங்கி, அதே வருஷம் கம்பெனியும் ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற காகித ஃபில்டர் அதுதான். உயர்தரக் காபிக்கு ‘ஸ்பெஷாலிட்டி காபி’ என்று எல்லாக் கடைப் பலகையிலும் பார்க்கிறாயே, அந்தப் பெயரை 1974இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் ஒரு பெண்தான், அமெரிக்காவில் காபி வியாபாரம் செய்த எர்னா நட்சன்.

மகள் பி.எஸ்ஸி. விவசாயம் முடித்திருக்கிறாள். காபியைச் சுவைத்துத் தரம் பார்க்கும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். நாக்கை நம்பிப் பொழைக்க முடியுமா என்று அவள் அப்பா கேட்கிறார்.
– வாசகி, பொள்ளாச்சி

பொழைக்கலாம் அம்மிணி, கௌரவமாகவே பொழைக்கலாம். சுனாலினி மேனன் என்ற பெயரை அவள் அப்பாவிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் காபி வாரியமான காபி போர்டில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவராக இருந்தவர். அப்புறம் பெங்களூரில் சொந்தமாக ‘காஃபிலேப்’ என்ற காபிப் பரிசோதனைக்கூடம் தொடங்கினார். ஆசியாவின் முதல் பெண் காபி சுவைஞர் என்று அவரைச் சொல்வார்கள். தோட்டக்காரர்கள் தங்கள் காபியை அவரிடம் கொடுத்து, என்ன குறை, எப்படிச் சரிசெய்வது என்று கேட்கிறார்கள்.

இது வெறும் நாக்கு வேலையும் இல்லை, சுவைத்துப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. கிண்ணத்தில் 150 மில்லி தண்ணீருக்கு எட்டேகால் கிராம் தூள். கொதி அடங்கின தண்ணீரை ஊற்றி நான்கு நிமிஷம் விட்டால் மேலே ஆடை கட்டும். கரண்டியால் அந்த ஆடையை உடைக்கிறபோது மூக்கு கிண்ணத்தின் மேலேயே இருக்க வேண்டும், முதல் வாசனை அப்போதுதான் வரும். பிறகு சத்தம் வர உறிஞ்சி, வாயெல்லாம் படரவிட்டுத் துப்பிவிட வேண்டும். ஒரே காபியை ஐந்து கிண்ணத்தில் போடுவார்கள். ஒன்றில் மட்டும் புளிப்பு தட்டினாலும் கண்டுபிடித்து எழுதணும். பழகப் பழக வருகிற படிப்புதான் இது. என் மாமியார் இதெல்லாம் படிக்காமல், வறுத்த கொட்டையை ஒன்று கடித்துப் பார்த்தே அந்த மூட்டை மழையில் நனைந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஆனால் கடை போர்டில் மாமனார் பெயர்தான் இருந்தது. உங்கள் மகள் சான்றிதழோடு அந்த வேலைக்குப் போகட்டும்.

காபி போர்டு, காபித் தர மேலாண்மையில் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. விவசாயப் பட்டதாரிக்கு ஏற்றது. வறுப்பதும் போடுவதும் மட்டும் கற்றுக்கொள்ள ‘காபி சாஸ்திரா’ என்று குறுகிய காலப் பயிற்சியும் உண்டு. சேருவதற்கு முன்னால் காரம், புகையிலை, வாசனைப் பாக்கு எல்லாம் குறைத்து நாக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாச்சலூர் பக்கம் என் கணவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய மூன்று ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வெள்ளாமையை நான்தான் பார்க்கிறேன். பொம்பளை எதற்கு ஆபீஸ் ஆபீஸாக அலையணும், எல்லாம் என் பெயரில் இருக்கட்டும் என்கிறார் கொழுந்தனார். மாமியாரும் ஒரு மகனும் ஒரு மகளும் இருக்கிறோம்.
– வாசகி, ஒட்டன்சத்திரம்

அலைச்சல் கொஞ்சம் இருக்கும், ஆனால் நீங்களே அலையுங்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த மூன்று ஏக்கர் உங்களுக்கும் மகனுக்கும் மகளுக்கும் மாமியாருக்கும் சரிசமமாக நான்கு பங்கு. கொழுந்தனாருக்கு அதில் பங்கே கிடையாது. அவரிடம் சண்டை போட வேண்டாம், கையெழுத்து மட்டும் எதிலும் போடாதீர்கள்.

இறப்புச் சான்றிதழோடு இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், தாசில்தார் கொடுப்பார். அதை வைத்துப் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். காபி போர்டில் எந்த உதவித்தொகைக்குப் போனாலும் நிலம் யார் பெயரில் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பழத்தை வீட்டு வாசலிலேயே வியாபாரியிடம் கொடுக்கிறீர்கள் என்றால், அதற்கு முன் காபி போர்டு வெளியிடுகிற அன்றன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பழத்தின் தோலை உரிக்கிற பல்ப்பர் மெஷின் சின்னதாக ஒன்று வாங்கினால், தோலெடுத்துக் காயவைத்து விற்கலாம், விலை கூடும். உங்களுக்குக் கிட்டவே தாண்டிக்குடியில் காபி போர்டின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மகளையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே கேளுங்கள்.

சட்டத்தில் இன்னும் சந்தேகம் என்றால் திண்டுக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்ப்பதில்லை.