தாழ்ப்பாள் சத்தத்துக்கு நெஞ்சு ஏன் படபடக்கிறது?

கேள்வி: எனக்கு 42 வயது. 6 வயதிலிருந்து 18 வயது வரை, அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பதைப் பார்த்தே வளர்ந்தேன். இன்றும் இரவில் வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால், வருவது என் கணவர்தான் என்று தெரிந்தும் நெஞ்சு படபடக்கிறது. குழந்தைப் பருவத் துன்பங்களை அளக்கும் பத்துக் கேள்விகள் கொண்ட பட்டியலில் எனக்கு 4 மதிப்பெண் வந்தது. மனநோய் வருவது உறுதிதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உறுதி இல்லை, சகோதரி. அந்தப் பட்டியலுக்கு மூலம், அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்டோரிடம் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்கள் நடத்திய ஆய்வு. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களுக்கு ஆளானவர்களிடம் மதுவுக்கு அடிமையாதல், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், எத்துன்பமும் அறியாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு மிகுந்திருந்ததாக 1998இல் வெளியான முதல் அறிக்கை கூறியது. ஆனால் அது பெருங்கூட்டத்தைப் பற்றிய கணக்கு. அதை ஜாதகக் கட்டம்போல் ஒருவருக்குப் பலன் சொல்லப் பயன்படுத்தக் கூடாது என்பதை ஆண்டாவே 2020இல் எழுதியிருக்கிறார்.

என் பார்வையில் அதன் பெரிய குறை, துன்பத்தின் வகைகளை எண்ணுகிறதே தவிர ஆண்டுகளை எண்ணுவதில்லை என்பதுதான். சில மாதங்களோடு ஓய்ந்த அடிதடிக்கும் நீங்கள் பார்த்த 12 ஆண்டுகளுக்கும் அதில் ஒரே மதிப்பெண். காலம் எவ்வளவு முக்கியம் என்பதை, ருமேனியாவில் 1989இல் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபின் பிரிட்டன் குடும்பங்கள் தத்தெடுத்த 165 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த, குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் குழுவினரின் ஆய்வு காட்டியது. பராமரிப்பற்ற அநாதை விடுதிகளிலிருந்து 6 மாத வயதுக்குள் மீட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேலும் அங்கிருந்தவர்கள் பலருக்குக் கவனம் சிதறுவதும் பிறரோடு பழகுவதில் சிக்கலும் பெரியவர்களான பின்னும் நீடித்தன. அவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எந்தக் கட்டத்திலும் பாதிப்பு தென்படவில்லை.

உங்கள் நெஞ்சு படபடப்பது, சிறுவயதில் தற்காப்புக்காக உடல் பழகிக்கொண்ட எச்சரிக்கை. மூளை அந்தச் சத்தத்தை இன்னும் ஆபத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறது. அதிர்ச்சி நினைவுகளுக்கென உள்ள உளவியல் சிகிச்சையால் இந்தப் பிணைப்பைத் தளர்த்த முடியும். அதுவரை, கேட்டைத் திறக்குமுன் "நான்தான்" என்று குரல் கொடுக்கும்படி கணவரிடம் சொல்லிப் பாருங்கள். தூக்கம் கெட்டாலோ, கெட்ட கனவுகள் தொடர்ந்தாலோ மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.