எண்ணெயில் எது முதலில்? அஞ்சறைப் பெட்டிக் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அஞ்சறைப் பெட்டியைச் சுற்றியே இருக்கின்றன. "புதிதாக என்ன மசாலா வாங்கலாம்?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். நான் பார்த்த வரையில் நம் சமையலறைகளில் சாமானுக்குக் குறைவில்லை. இருக்கிற சாமானை எந்தச் சூட்டில், எந்த நேரத்தில் போடுவது என்பதில்தான் கவனம் குறைகிறது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியதாகவே இருக்கும்.

வேலைக்காகத் தனியாக வீடு எடுத்துத் தங்கியிருக்கிறேன். தினசரிச் சமையலுக்கு எவையெல்லாம் இருந்தால் போதும்? (வாசகர், கோயம்புத்தூர்)

கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மிளகாய் வற்றல், மஞ்சள்தூள், பெருங்காயம். இவற்றோடு ஒரு நல்ல சாம்பார் பொடி, தாளிக்கக் கொஞ்சம் உளுத்தம்பருப்பு. குழம்பு, ரசம், கூட்டு, பொரியல் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். அசைவம் சமைப்பீர்கள் என்றால் சோம்பும் பட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரம் மசாலா பாக்கெட் இப்போதைக்கு வேண்டாம்.

50 கிராம், 100 கிராம் என்று சின்னதாக வாங்குங்கள். மிளகையும் சீரகத்தையும் முழுதாக வாங்கி, அவ்வப்போது இடித்துக்கொள்ள ஒரு சின்ன உரல் வைத்துக்கொள்ளுங்கள். மிளகைத் தூளாக்கி வைத்தால் காரம் அப்படியே இருக்கும், வாசனைதான் பறந்துவிடும். காரத்தைத் தரும் பைப்பரின் ஆவியாகாது. மணத்தைத் தரும் எண்ணெய்கள் ஆவியாகிவிடும். கடைத் தூளைப் போட்ட பொங்கலுக்கும், அப்போது இடித்துப் போட்ட பொங்கலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

தாளிக்கும்போது கடுகு வெடிப்பதற்குள் மிளகாய் கருகிவிடுகிறது. அடுப்பைக் குறைத்தால் கடுகு வெடிப்பதே இல்லை. என்ன செய்வது? (வாசகி, விழுப்புரம்)

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தாளிப்பில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சூடு உண்டு. கடுகுக்கு அதிகச் சூடு வேண்டும். அதனுள் இருக்கும் கொஞ்சம் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளப்பதைத்தான் வெடிப்பு என்கிறோம். எண்ணெய் சரியாகக் காயாவிட்டால் கடுகு வெடிக்காமல் கிடந்து கிடந்து கசந்துபோகும். முதலில் இரண்டு கடுகை மட்டும் போட்டுப் பாருங்கள். உடனே பொரிந்தால் மீதியைப் போடலாம்.

வெடிப்பு அடங்கும் நேரத்தில் தீயைக் குறைத்து உளுத்தம்பருப்பு போடுங்கள். பருப்பு பாதி சிவந்ததும் சீரகம். அது சில நொடிகளில் பொரிந்துவிடும். அதன் பிறகு மிளகாய் வற்றல், பெருங்காயம். அடுப்பை அணைத்துவிட்டுக் கடைசியாகக் கறிவேப்பிலை. இலையைத் துணியில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டால் எண்ணெய் மேலே தெறிக்காது.

இந்த வரிசைக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சாமான்களின் வாசனைப் பொருள்கள் பெரும்பாலும் தண்ணீரில் கரையாதவை, எண்ணெயில்தான் இறங்கும். அந்த எண்ணெய்தான் வாசனையைப் பாத்திரம் முழுவதும் கொண்டுபோகிறது. அதில் ஒரு சாமான் கருகினாலும் அந்தக் கசப்பும் சேர்ந்தே பரவும். கருகிவிட்டதென்றால் தயங்காமல் அந்த ஒரு கரண்டி எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தாளியுங்கள், குழம்பு தப்பிக்கும்.

வெந்தயத்துக்குக் கூடுதல் கவனம் வேண்டும். வத்தக்குழம்புக்குப் போடும்போது லேசாகச் சிவந்தால் போதும், நல்ல மணம் வரும். கருத்துவிட்டால் குழம்பே கசக்கும்.

இன்னொன்று, ரசத்துக்கும் மோர்க்குழம்புக்கும் தாளிப்பைக் கடைசியில் கொட்டுவதுதான் நல்லது. முதலிலேயே தாளித்துக் கொதிக்கவிட்டால் நெய்யில் இறங்கிய மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். ரசம் நுரை கட்டி வந்ததும் இறக்கிவிடச் சொல்வதும் இதனால்தான்.

கடுகைத் தாளித்தால் காரமே இல்லை, ஊறுகாயில் மட்டும் மூக்கில் ஏறுகிறதே, ஏன்? (மாணவி, மதுரை)

அருமையான கேள்வி. முழுக் கடுகில் அந்தக் காரம் கிடையாது. கடுகை உடைத்து, அதில் ஈரம் படும்போது, விதைக்குள் இருக்கும் ஒரு நொதி வேலை செய்து அந்தக் காரப் பொருளை உண்டாக்குகிறது. காய்ந்த எண்ணெயில் போட்டால் சூட்டில் அந்த நொதி செத்துவிடும், கொட்டை வறுத்த வாசனை மட்டும் நிற்கும். கடுகைப் பச்சையாக அரைத்துத் தயிர்ப் பச்சடியில் சேர்த்துப் பாருங்கள், மூக்கு வரை ஏறும்.

பெருங்காயம் கட்டியாக வாங்குவது நல்லதா, தூளா? என் மகனுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது, பெருங்காயத்திலும் கவனம் வேண்டும் என்கிறார்களே? (வாசகி, சென்னை)

உண்மைதான், கட்டாயம் கவனம் வேண்டும். பெருங்காயம் ஒரு செடியின் பால். ஃபெருலா என்ற இனத்தைச் சேர்ந்த அந்தச் செடி, கொத்தமல்லிக்கும் சீரகத்துக்கும் உறவு. ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட மலைகளில் வளர்வது. வேரைக் கீறி, வடியும் பாலைக் காயவிட்டு எடுக்கிறார்கள். இத்தனை நூற்றாண்டுகளாக நம் சாம்பாரில் மணக்கும் இந்தச் சாமானை நாம் வெளியிலிருந்து வாங்கித்தான் சாப்பிடுகிறோம். 2020 அக்டோபரில்தான் பாலம்பூரில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் இதன் சாகுபடியைத் தொடங்கியது. நட்டு, பால் எடுக்கச் சுமார் ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டிய பயிர்.

சுத்தமான பெருங்காயத்தின் வீரியத்தை நம்மால் தாங்க முடியாது. அதனால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்தான். கோதுமை மாவு, மைதா அல்லது அரிசி மாவோடு வேலம் பிசினைக் கலந்து செய்வது. கட்டியிலும் இந்தக் கலவை இருக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டப்பாவில் சேர்மானப் பட்டியலைப் படித்து, கோதுமையும் மைதாவும் இல்லாமல் அரிசி மாவு சேர்த்ததை மட்டும் வாங்குங்கள். பட்டியல் இல்லாமல் கடையில் உதிரியாக நிறுத்துத் தருவது உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

ருசி என்று பார்த்தால் என் ஓட்டு கட்டிக்குத்தான். துவரம்பருப்பு அளவுக்குக் கிள்ளி, எண்ணெயில் போட்டால் பொரிந்து உப்பும். அதை எடுத்து நுணுக்கிக் குழம்பில் போடலாம். அல்லது சுடுதண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ரசத்தில் ஊற்றலாம். தூளில் இந்த வேலை மிச்சம், ஆனால் டப்பாவைத் திறந்த கொஞ்ச நாளிலேயே மணம் இறங்கிவிடும். தூள்தான் வசதி என்றால் மிகச் சின்ன டப்பாவாக வாங்குங்கள்.

எதுவானாலும் எண்ணெய்ச் சூடு படாமல் போடாதீர்கள். பச்சைப் பெருங்காயத்தின் கந்தக நாற்றம் சூட்டில்தான் வெங்காயம், பூண்டு வதக்கியது போன்ற மணமாக மாறுகிறது. வெங்காயம் பூண்டு சேர்க்காத விரதச் சமையலில் அந்தக் குறை தெரியாமல் போவது இதனால்தான்.

மீன் குழம்பு நல்ல சிவப்பாக வரவேண்டும் என்று மிளகாய்த்தூளைக் கூட்டினால் காரம் தாங்க முடியவில்லை. (வாசகர், நாகர்கோவில்)

நிறமும் காரமும் ஒன்றல்ல. மிளகாயில் நிறம் தரும் பொருள் வேறு, காரம் தரும் கேப்சைசின் வேறு. கர்நாடகத்தின் பியாடகி மிளகாய் சுருங்கிய தோலோடு நீளமாக இருக்கும், நல்ல சிவப்பு, காரம் குறைவு. குண்டூர் மிளகாயில் காரம் தூக்கல். ராமநாதபுரம் குண்டு மிளகாய் உருண்டையாக, தடித்த தோலோடு, தனி மணத்தோடு இருக்கும். 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது.

உங்கள் மிளகாய்த்தூளில் பாதிக்குப் பாதி பியாடகி சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். புளியைக் கரைத்து ஊற்றுவதற்கு முன் தூளை எண்ணெயில், அடுப்பைச் சிம்மில் வைத்து, ஒரு பிரட்டுப் பிரட்டினால் நிறம் எண்ணெயில் இறங்கிக் குழம்பின் மேல் மிதக்கும். பத்து, பதினைந்து நொடி போதும்.

வீட்டுச் சாம்பார் பொடி சில சமயம் கசக்கிறது, சில சமயம் பச்சை வாடை அடிக்கிறது. அளவு சொல்லுங்களேன். (வாசகி, கும்பகோணம்)

மல்லி 500 கிராம், மிளகாய் வற்றல் 250, துவரம்பருப்பு 100, கடலைப்பருப்பு 100, மிளகு 50, சீரகம் 50, விரலி மஞ்சள் 50, வெந்தயம் 25. இந்த அளவு கையில் இருக்கட்டும், காரத்துக்கு ஏற்ப மிளகாயைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கசப்பு வெந்தயத்தால்தான் வந்திருக்கும். அளவு கூடியிருக்கலாம், அல்லது மல்லியோடு சேர்த்து வறுத்துக் கருக்கியிருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். பருப்புகள் சிவக்கட்டும், மல்லி மணம் வந்தால் போதும், வெந்தயம் லேசாக நிறம் மாறட்டும். மிளகாய்க்கு நல்ல வெயில் ஒரு நாள் போதும், மொறுமொறுவென்று உடைந்தால் வறுக்கவே வேண்டாம்.

மில்லில் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீயக்காய் அரைத்த மிஷினில் சாம்பார் பொடி கூடாது. அரைத்து வந்ததும் சூட்டோடு டப்பாவில் அடைக்காமல், தாளில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். அப்படியே அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டிபிடிக்கும்.

பச்சை வாடைக்குப் பொடியைக் குறை சொல்ல வேண்டாம். புளித்தண்ணீரில் பொடியைப் போட்டு வாடை போகக் கொதித்த பிறகுதான் வெந்த பருப்பைச் சேர்க்க வேண்டும். பருப்பு சேர்ந்து கெட்டியான பிறகு போட்ட பொடி சரியாக வேகாது.

நான் யாழ்ப்பாணம், இப்போது டொரொண்டோவில். இங்கே தமிழ்நாட்டுக் கடைச் சாம்பார் பொடிதான் சுலபமாகக் கிடைக்கிறது. எங்கள் கறித்தூளுக்குப் பதிலாகப் போடலாமா? (வாசகி)

போடாதீர்கள் அக்கா, ருசி தடம் மாறிவிடும். சாம்பார் பொடியில் பருப்பு இருக்கிறது, உங்கள் தூளில் கிடையாது. உங்களுடையதில் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் இருக்கின்றன, நிறம் வரும்வரை வறுத்தும் அரைக்கிறீர்கள். அவசரத்துக்குச் செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம் இரண்டும், கொஞ்சம் வெந்தயம், ஒரு பிடி கறிவேப்பிலை ஆகியவற்றைத் தனித்தனியாக வறுத்து, மஞ்சள் சேர்த்துக் காப்பிக்கொட்டை அரைக்கும் சின்ன மிஷினில் அரைத்துவிடுங்கள். ஒரு வாரத்துக்குப் போதுமான அளவு சில நிமிடங்களில் தயார்.

கல்பாசி என்பது பாசியா, பூஞ்சையா? சாப்பிடலாமா? (வாசகர், ஈரோடு)

பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உயிராக வாழும் வகை, லைக்கன் என்பார்கள். மரத்திலும் பாறையிலும் படரும். தாராளமாகச் சாப்பிடலாம். செட்டிநாட்டுக் குழம்பின் அடியில் வரும் அந்த மண் வாசனை இதுதான். ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மண் ஒட்டியிருக்கும், புடைத்துவிட்டுப் போடுங்கள்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம், உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். இந்துப்பு போடலாமா? சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். (வாசகி, திருச்சி)

இந்துப்பிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். அதைத் தாராளமாகப் போட்டால் குறைத்ததாகவே ஆகாது. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு கடைகளில் கிடைக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது. அது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், மூன்று வேளைக்கும் சேர்த்து. முதலில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வடகம் நான்கையும் அப்பாவின் தட்டிலிருந்து எடுங்கள். குழம்பில் நீங்கள் மிச்சம் பிடித்த உப்பெல்லாம் இவற்றின் வழியாகத் திரும்பி வந்துவிடும்.

இனி ருசிக்கு வருவோம். உப்பு குறைந்த இடத்தை நிரப்பப் புளிப்பும் மணமும்தான் உதவும். பொரியலை இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள். அப்போது இடித்த மிளகு சீரகத்தை மேலாகத் தூவுங்கள். பூண்டைத் தட்டிப் போட்டு, கறிவேப்பிலையை இரண்டு மடங்காக்குங்கள். பொரியலுக்கு உப்பைக் கடைசியில், இறக்கும்போது தூவினால் நாக்கில் முதலில் படும், குறைந்த உப்பே போதுமானதாகத் தெரியும். அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு ஸ்பூன் கல் உப்பை விட ஒரு ஸ்பூன் தூள் உப்பு எடை அதிகம். கல் உப்பிலிருந்து தூளுக்கு மாறியவர்கள் பழைய ஸ்பூன் கணக்கையே வைத்துக்கொண்டால் உப்பு தானாகக் கூடிவிடும்.

அப்பாவிடம் ஒரே நாளில் பாதியாகக் குறைக்காதீர்கள். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். நாக்கு பழகிக்கொள்ளும்.

மஞ்சள்தூள் கலப்படமா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? (வாசகர், சேலம்)

ஓரளவுக்கு முடியும். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் கீழே படியும், தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். செயற்கைச் சாயம் இருந்தால் தண்ணீர் அடர் மஞ்சளாகிவிடும். ஈயம் கலந்த நிறமியைப் பூசிப் பளபளப்பாக்கிய விரலி மஞ்சளும் உண்டு, அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கண்ணைப் பறிக்கும் மஞ்சளைத் தேடாதீர்கள், மங்கலாக இருப்பதே மேல்.

மல்லித்தூளிலும் மிளகாய்த்தூளிலும் வண்டு வந்துவிடுகிறது. (வாசகி, தூத்துக்குடி)

உங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் டப்பாவைச் சாய்த்துத் தட்டும் பழக்கத்தை முதலில் விடுங்கள், ஆவி உள்ளே போய்த்தான் பாதிக் கெடுதல். சின்ன டப்பாவில் ஒரு வாரத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காமல், சூடு சமமான பிறகு பிரித்தால் உள்ளே ஈரம் கோக்காது. வண்டு வந்துவிட்ட தூளைச் சலித்துப் பயன்படுத்தாமல் கொட்டிவிடுங்கள். டப்பாவைக் கழுவி வெயிலில் முழுதாகக் காயவைத்த பிறகே அடுத்த தூளைப் போடுங்கள்.