சுழலும் லென்ஸ் பனோரமா கேமரா வாங்கலாமா?

ஃபிலிமில் நீளப் படம் எடுக்கும் சுழலும் லென்ஸ் கேமராக்களைப் பற்றிச் சில கேள்விகள் வந்திருக்கின்றன. இவை பெரும்பாலும் பழையதாகத்தான் கைக்குக் கிடைக்கும், விலையும் கொஞ்சமல்ல. அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஹொரைசன் 202 கேமராவில் இருப்பது 28 மி.மீ. லென்ஸ்தான் என்கிறார்கள். என்னிடமும் ஒரு 28 லென்ஸ் இருக்கிறது. போனிலும் பனோரமா வசதி உண்டு. பிறகு எதற்கு இந்தக் கேமரா?

பதில்: சாதாரணக் கேமராவில் ஃபிலிம் தட்டையாக நிற்கும். இதில் வில்போல் வளைந்து நிற்கும். லென்ஸ் ஒரு சின்ன டிரம்முக்குள் உட்கார்ந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அந்த டிரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பும். டிரம்மின் பின்பக்கம் செங்குத்தாக ஓர் இடுக்கு. அதன் வழியே வரும் வெளிச்சம், சுவருக்கு வெள்ளையடிக்கும் பிரஷ் மாதிரி, ஃபிலிமை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக்கொண்டே போகும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் புரிந்துவிடும். 28 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தில் 120 டிகிரிக்கு ஒரு வில் வரைந்து அளந்து பாருங்கள், 58 மி.மீ. சொச்சம் வரும். ஹொரைசன் 202 தரும் படத்தின் அளவு 24க்கு 58 மி.மீ. என்பது அப்படி வந்ததுதான். அதே 28 லென்ஸ் உங்கள் சாதாரணக் கேமராவில் பக்கவாட்டில் சுமார் 65 டிகிரிதான் பார்க்கும். இன்னொன்று, இங்கே லென்ஸ் எப்போதும் தன் நடுப்பகுதியாலேயே பார்க்கிறது. அதனால் ஓரங்கள் இருட்டடிக்காது, ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுத்துக்கொண்டு போகாது. மிக அகலமான லென்ஸ்களில் கல்யாண வீட்டு குரூப் போட்டோ எடுத்து, ஓரத்தில் நின்ற சித்தப்பா இரண்டு மடங்கு அகலமாகத் தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

போனும் இதே வேலையைத்தான் செய்கிறது, துண்டுகளாக எடுத்து ஒட்டி. ஆனால் நடமாடும் கூட்டத்தில் ஒட்டும் இடம் தெரிந்துவிடும், ஆள் பாதியில் அறுந்து நிற்பார். லென்ஸைத் திருப்பும் யோசனை மிகப் பழையது. 1840களிலேயே பாரிஸில் ஃபிரெடரிக் வான் மார்ட்டன்ஸ் வளைந்த டாகரோடைப் தகட்டில் (ஃபிலிமுக்கு முந்தைய உலோகப் படத்தகடு) அந்த நகரத்தை இப்படி எடுத்திருக்கிறார்.

மலை, கடல் மட்டும் எடுக்கத்தான் என்றால் வாங்க வேண்டாம் என்பேன். தூரத்து மலை 120 டிகிரியில் ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும். ஆட்களுக்கு நடுவே, இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் நின்று எடுக்க ஆசை இருந்தால், இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்லத் தெரியவில்லை.

கேள்வி: ஹொரைசன், வைட்லக்ஸ், நோப்லெக்ஸ் மூன்றில் எது?

பதில்: முதல் முறை வாங்குகிறீர்கள் என்றால் ஹொரைசன் 202.

மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னோகோர்ஸ்க் ஆலையில் செய்தது, ஸெனிட் கேமராக்கள் வந்த அதே இடம். 1967இல் அங்கே தொடங்கிய ஹொரிசோன்ட் என்ற உலோகக் கேமராவின் வாரிசு இது. பேட்டரி வேண்டாம், வெளிச்சம் அளக்கும் மீட்டர் கிடையாது. ஷட்டர் வேகம் இரண்டு தொகுதி: 1/2, 1/4, 1/8 ஒன்று, 1/60, 1/125, 1/250 இன்னொன்று. மட்டம் பார்க்கும் நீர்க்குமிழி வியூஃபைண்டருக்குள்ளேயே தெரியும். இதே குடும்பத்தில் காம்பாக்ட் என்று ஒன்று விற்கிறார்கள். அதில் அபர்ச்சர், அதாவது லென்ஸ் வாயின் திறப்பு, 8 மட்டும் (எண் கூடக்கூட வாய் சுருங்கும்), வேகம் இரண்டே இரண்டு. விலை குறைவு என்று அதற்குப் போகாதீர்கள், வெளிச்சம் மாறும்போது கையைக் கட்டிப்போட்டது போல இருக்கும்.

வைட்லக்ஸ் ஜப்பானின் பனோன் நிறுவனத்துடையது. 35 மி.மீ. ஃபிலிமுக்கு எஃப்6, எஃப்7, எஃப்8 என்று வந்தன. லென்ஸ் 26 மி.மீ., உடம்பு முழுக்க உலோகம், கையில் எடுத்தாலே ஒரு மரியாதை வரும். நடிகர் ஜெஃப் பிரிட்ஜஸ் படப்பிடிப்பு இடைவேளைகளில் சக நடிகர்களை எடுத்துத் தள்ளியது எஃப்8இல்தான். எஃப்7, எஃப்8 இரண்டிலும் வேகங்கள் மூன்றே: 1/15, 1/125, 1/250. அபர்ச்சர் 11க்கு மேல் மூடாது. அதனால் நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஃபிலிம் வெளிச்சத்தை வாங்கும் திறன்) 400 ஃபிலிம் போட்டால் ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் கூடிவிடும்; ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு. இதற்கு 100 ஃபிலிம்தான் சரி. பனோன் தயாரிப்பை நிறுத்திப் பல வருடமாகிறது. உதிரி பாகம் என்றால் இன்னொரு பழைய வைட்லக்ஸைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரை முதலில் கண்டுபிடித்துவிட்டு, பிறகு கேமராவைத் தேடுங்கள். புதிய வைட்லக்ஸ் ஒன்றை ஜெர்மனியில் செய்யும் முயற்சியை ஜெஃப் பிரிட்ஜஸும் அவர் மனைவியும் ஒரு ஃபிலிம் இதழோடு சேர்ந்து 2024இல் அறிவித்தார்கள். எனக்கு அதில் நிஜமாகவே சந்தோஷம். ஆனாலும் அதை ஆரம்பக்காரர் கைக்கு எட்டும் விலையில் எதிர்பார்க்காதீர்கள்.

நோப்லெக்ஸ் 1990களில் ஜெர்மனியின் ட்ரெஸ்டெனில் பிறந்தது. இதில் டிரம் முழுச் சுற்றுச் சுற்றும். முதல் பாதியில் வேகம் பிடித்துக்கொள்ளும், பின்பாதியில்தான் ஃபிலிமில் படம் விழும். மூன்றில் சுழற்சி சீரானது இதுதான். ஆனால் ஓடுவது மோட்டாரில். அந்த எலெக்ட்ரானிக்ஸ் போனால் அழகான செங்கல்தான் மிச்சம். 120 என்ற அகலமான ஃபிலிம் போடும் நோப்லெக்ஸ் 150இல் ஒரு ரோலுக்கு ஆறே படம். தொழிலாக எடுப்பவர்களுக்கு அது சரி.

கேள்வி: இணையத்தில் 'புதிது போல' என்று போட்டிருக்கும் ஹொரைசனை எப்படி நம்பி வாங்குவது?

பதில்: உடம்பு புதிது போல இருக்கலாம். நீங்கள் காசு கொடுப்பது டிரம் திரும்பும் சீருக்கு. அது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

டிரம் ஓரிடத்தில் கொஞ்சம் தயங்கினால் அங்கே வெளிச்சம் கூடுதலாக விழும், வேகமெடுத்தால் குறையும். படத்தில் அது மேலிருந்து கீழாக வெளிர்ப் பட்டையாகவோ கருத்த பட்டையாகவோ வந்து நிற்கும். கூட்டத்தையோ மரங்களையோ எடுத்த படத்தில் கண்ணுக்குப் படாது. வெறும் வானத்தில்தான், வேட்டியில் கரை ஓடுவது போலத் தெளிவாகத் தெரியும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கேமராவில் எடுத்த, வானம் நிறைந்த ஒரு படம். கூடவே டிரம் திரும்பும் வீடியோ, இரண்டு வேகத் தொகுதியிலும். மெதுவான வேகத்தில் சத்தத்தைக் கவனியுங்கள். ஒரே சீராகச் சுழன்று முடிய வேண்டும், நடுவில் திக்கினால் விட்டுவிடுங்கள். 'சோதித்துப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால், வேலை செய்யாது என்றே வைத்துக்கொண்டு அதற்கேற்ற விலை பேசுங்கள். சீரியல் எண்ணையும் கேளுங்கள். கிராஸ்னோகோர்ஸ்க் கேமராக்களில் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் செய்த வருடத்தைச் சொல்லிவிடும்.

என் முதல் ஹொரைசனைப் பளபளவென்று இருந்ததைப் பார்த்தே வாங்கினேன். பெட்டியைப் பிரித்து அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து ஒரு கோயில் திருவிழாவில்தான் முதல் ரோல் போட்டேன். கழுவி வந்த நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே பிடித்தால், இருபத்தொரு படத்திலும் அதே இடத்தில் மூன்று பட்டை. விற்றவருக்கு எழுதினேன், திருப்பித் தரும் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. தேர் வந்த காலை திரும்ப வரவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன்: கேமரா கைக்கு வந்த வாரமே ஒரு ரோலைப் போட்டு, எல்லா வேகத்திலும் வானத்தையும் வெள்ளைச் சுவரையும் எடுத்து, கழுவிப் பார்த்துவிடுங்கள். ஈபேயில் விவரிப்புக்கு மாறான பொருள் என்று முறையிட, பொருள் வந்து சேர்ந்ததிலிருந்து 30 நாள்தான். ஃபிலிம் கழுவி வர ஆகும் நாளும் அதற்குள்தான் அடங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் கூரியர்க்காரர் போடும் கட்டணத்தையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கேமராவைத் திருப்பி அனுப்பினாலும் அந்தப் பணம் எளிதில் திரும்பாது.

கேள்வி: வாங்கிவிட்டேன். கடல் மேடு போல வளைகிறது, நேரான கட்டடம் வயிறு பெருத்து நிற்கிறது, எல்லாப் படத்திலும் என் விரல் நுனி. கேமராவில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, நிம்மதியாக இருங்கள்.

கேமரா கொஞ்சம் கீழே குனிந்தால் தொடுவானம் மேடாகும், மேலே நிமிர்ந்தால் தொட்டில் போலத் தொங்கும். குமிழியை நடுவில் நிறுத்தினால் நேராகிவிடும். அழுத்தும் அந்த நொடியிலும் குமிழியைப் பாருங்கள், விரல் அழுத்தும் வேகத்திலேயே கேமரா குனிவதுண்டு.

கட்டடத்தின் வயிறு வேறு விஷயம். வளைந்த ஃபிலிமில் விழுந்ததைத் தட்டையாக்கிப் பார்க்கிறோம். நமக்கு நேரே நடுப்பகுதி பக்கத்தில் இருக்கிறது, ஓரங்கள் தூரத்தில். அதனால் நடு பெருக்கும். நீண்ட சுவருக்கு முகத்துக்கு நேராக நிற்காதீர்கள், தெரு முனையில் நின்று இரண்டு தெருவும் இரு பக்கம் ஓடட்டும். குரூப் போட்டோவுக்கு ஆட்களை நேர்வரிசையில் நிறுத்தாமல், உங்களைச் சுற்றி அரைவட்டமாக நிறுத்துங்கள். பந்திப் பாயை வளைத்துப் போட்டது மாதிரி. எல்லோரும் உங்களிடமிருந்து ஒரே தூரம், படத்தில் நேர்வரிசையாக, ஒரே உயரத்தில் வந்து நிற்பார்கள்.

விரலுக்கு ஒரே வழி, பிடியை மாற்றுவது. கட்டைவிரல்கள் பின்பக்கம், மற்ற விரல்கள் மடங்கி மேல்தட்டிலும் அடித்தட்டிலும், முன்முகத்தைத் தாண்டி ஒரு நகம்கூட வரக் கூடாது. ஹொரைசனோடு வரும் திருகு கைப்பிடி அதற்குத்தான், பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹொரைசனில் ஃபோகஸ் திருப்ப வழியில்லை. அபர்ச்சர் 2.8இல் சுமார் ஐந்து மீட்டருக்கு அப்பால்தான் தெளிவு, 16இல் ஒன்றரை மீட்டர் வரை வரலாம். உச்சி வெயிலில் 400 நெகட்டிவ் ஃபிலிம், 1/250, அபர்ச்சர் 16 என்று வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். இவ்வளவு அகலத்தில் ஒரு மூலையில் வெயில், மறு மூலையில் நிழல் கட்டாயம் இருக்கும், நெகட்டிவ் இரண்டையும் தாங்கும். ஃபிளாஷ் உதவாது, இடுக்கு இருக்கும் ஒரு கீற்றில் மட்டும் விழும். அப்புறம் ஓடும் வண்டி: லென்ஸ் திரும்பும் திசையிலேயே போனால் நீளும், எதிரே வந்தால் குறுகும்.

கேள்வி: லேபில் என் படங்களைப் பாதியில் வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். கேட்டால் மெஷின் அப்படித்தான் என்கிறார்கள்.

பதில்: மெஷின் 36 மி.மீ. நீளப் படத்துக்குப் பழகியது, உங்கள் படம் 58. ஃபிலிமைக் கொடுக்கும்போதே டப்பா மேல் பேனாவால் எழுதிவிடுங்கள்: 'கழுவினால் போதும், வெட்ட வேண்டாம், ஸ்கேன் வேண்டாம்'. வாயால் சொன்னது உள்ளே வேலை செய்பவருக்குப் போய்ச் சேராது. முழுச் சுருளாக வாங்கி வந்து, வீட்டில் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து இடைவெளி பார்த்து நீங்களே வெட்டுங்கள், ஒரு துண்டுக்கு மூன்று படம். ஸ்கேனுக்கு ஃபிலிம் வசதியுள்ள தட்டை ஸ்கேனர் போதும். இல்லாவிட்டால் டிஜிட்டல் கேமராவில் இரண்டு பாதியாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். வெட்டுப்பட்டவற்றையும் தூக்கிப் போடாதீர்கள். வெட்டு நேராக இருந்தால் இரண்டு துண்டையும் தனித்தனியாக ஸ்கேன் செய்து சேர்க்க முடியும், நடுவில் ஒரு மயிரிழைதான் போகும்.